பன்னிரண்டாவது ஷரத்து

பல்கலைக்கழகத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிற அறைதான் பெரியவளுடைய அலுவலகம். கதவில் ‘கூட்டு முயற்சிகள் – பொறுப்பாளர்’ என்று பலகை தொங்கும். அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிட்டதில்லை. இயக்குநரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் தரகரம்மாதான். அதற்காக அவள் கோபப்பட்டதும் கிடையாது. “பின்ன, நான் பாக்கிறது வேற என்ன வேலையாம்?” என்று சிரித்துவிடுவாள்.

உண்மைதானே. மாடியில் ஆய்வகங்களுக்குள் அடைந்து கிடக்கிற பேராசிரியர்களிடம் சரக்கு இருக்கும், அதை வெளியே சொல்ல வாய் இருக்காது. கம்பெனிக்காரர்களிடம் தொழிற்சாலை இருக்கும், வாய் நிறையவே இருக்கும், புதிதாகச் செய்ய ஒரு துரும்பும் இருக்காது. இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்கு இழுத்துவந்து, இவர் பெருமையை அவரிடமும் அவர் பெருமையை இவரிடமும் கொஞ்சம் கூட்டியே சொல்லி, ஊடல் வந்தால் சமாதானம் பண்ணி, கையெழுத்து வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பதினேழு வருஷத்தில் இப்படித் தொண்ணூற்றெட்டு சம்பந்தம் முடித்திருந்தாள். உப்பை வடிக்கிற சவ்வைத் தண்ணீர்க் குழாய்க் கம்பெனிக்குக் கட்டிவைத்தவள் அவள்தான். துருப்பிடிக்காத பூச்சைப் படகு கட்டுகிறவர்களிடம் சேர்த்ததும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் அந்த மையத்தின் கண்டுபிடிப்பெல்லாம் அலமாரிக்குள்ளேயே தூசி தின்றுகொண்டிருக்கும். இதை இயக்குநரே வருஷா வருஷம் மேடையில் சொல்வார்.

தொழிலில் அவளுக்கென்று ஒரு சூட்சுமம் இருந்தது. பேச்சுவார்த்தையில் எதிராளிக்கு எதையாவது ஜெயித்த திருப்தி வேண்டும். அது கிடைத்துவிட்டால் மற்றதிலெல்லாம் தாராளமாகிவிடுவான். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுப்பதற்கென்றே ஒரு ஷரத்தை வைத்திருப்பாள். பன்னிரண்டாவது ஷரத்து. ‘இரண்டு வருஷத்துக்குள் கம்பெனி அந்தப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால், உரிமை முழுவதும் மையத்துக்கே திரும்பிவிடும்.’ முதல் இரண்டு அமர்வு அதற்காகக் கத்திச் சண்டை போடுவாள். மூன்றாவது அமர்வில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, “போங்க, பன்னெண்டை எடுத்துக்குங்க” என்பாள். எதிராளி பூரித்துப்போவான். அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. உரிமையை வாங்கிக்கொண்டு பொருளைச் செய்யாமல் யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவானா? அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். தொண்ணூற்றெட்டு தடவையும் அவள் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில், சின்னவள் வேலை பார்த்தாள். பெரியவளுடைய தங்கை. அம்மா போனபோது சின்னவளுக்கு ஏழு வயசு, பெரியவளுக்குப் பதினெட்டு. தலை பின்னிவிட்டதும், கணக்கு சொல்லிக்கொடுத்ததும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டதும் எல்லாம் அக்காதான். சின்னவள் மின்னணுப் பொறியியலில் பெரிய படிப்பெல்லாம் படித்து முடித்த பிறகும், வங்கிப் படிவமோ வாடகைப் பத்திரமோ எது வந்தாலும் அக்காவிடம் நீட்டுவாள். “நீ படிச்சுட்டியா? அப்ப சரி” என்று கையெழுத்தைப் போட்டுவிடுவாள். அக்கா படித்தால் போதும், தான் படித்த மாதிரி. அது அவர்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாசம் தொடங்குமுன்பே பிறந்துவிட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுத்தான் மேலே. உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. அப்படி அவசரப்பட்டு வந்த குழந்தைகளுக்கு மூச்சு விடுவது சில சமயம் மறந்துபோகும், நின்றுவிடும். உள்ளங்காலில் விரலால் லேசாக ஒரு சுண்டு சுண்டினால் ஞாபகம் வந்த மாதிரி மறுபடியும் விடும். பெரிய வைத்தியமெல்லாம் இல்லை, சுண்டுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு தொட்டிலுக்கு ஒரு கண்காணிப்பு இயந்திரம்; அது பக்கத்துத் தொட்டிலுக்குப் போய்விட்டது. சின்னவள் முக்காலியைப் போட்டுக்கொண்டு, குழந்தையின் காலில் விரலை வைத்தபடி எட்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இடையிடையே அக்கா மாற்றிவிடுவாள். குழந்தையைச் சிட்டு, சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஒன்பதாம் நாள் மதியம், பெரியவள் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம், உட்கார்ந்தபடியே சின்னவளுக்குக் கண் அசந்துவிட்டது. மொத்தம் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் போதுமானதாக இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு சின்னவள் அழவில்லை. அதுதான் பெரியவளை அரித்தது. வாய்விட்டு அழுதால் கட்டிப்பிடித்துத் தேற்றலாம், இவள் கல்லாட்டம் இருந்தால் என்ன செய்வது? மூன்று மாசம் கழித்து வேலைக்கு வந்தாள். வந்தவள் அதுவரை செய்துகொண்டிருந்ததையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு பெல்ட் செய்ய உட்கார்ந்தாள்.

இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணிப் பட்டை. உள்ளே மூச்சின் அசைவைக் கண்டுகொள்கிற மிளகளவு உணரி ஒன்று, பழைய கைபேசிகளில் ‘கிர்’ரென்று அதிருமே, அந்தச் சின்ன மோட்டார் ஒன்று, பொத்தான் பேட்டரி. குழந்தையின் வயிற்றைச் சுற்றிக் கட்டினால், மூச்சு நின்ற எட்டாவது நொடியில் பெல்ட் லேசாக அதிரும். தூங்காத விரல். ஆறு வருஷம் அதோடு மல்லுக்கட்டினாள். துணி தோலை உரசுகிறது என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். தும்மலுக்கும் மூச்சுக்கும் பெல்ட்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒரு வருஷம் தலையால் தண்ணீர் குடித்தாள். கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டு, ஆறு பெல்ட்டை அனுமதியோடு குழந்தைகளுக்குக் கட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்த பெரிய சிஸ்டர், யாரையும் எளிதில் புகழாத மனுஷி, ஒரு நாள் போன் பண்ணி, “உங்க சிட்டு இன்னைக்கு மட்டும் ரெண்டு பேரை எழுப்பியிருக்கும்மா” என்றார். பெல்ட்டுக்குச் சின்னவள் வைத்திருந்த பெயர் அதுதான்.

இனிமேல் அது ஊர் ஊராகப் போகவேண்டும். ஆயிரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மையம் எதையும் தயாரிக்காது. அதற்குக் கம்பெனி வேண்டும். கம்பெனி பிடிப்பதற்கு யாரிடம் போவாள்? படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறாளே அக்கா.

“உன் பெல்ட்டுக்கு நான் பாக்கிற இடம் சாதாரண இடமா இருக்காதுடி” என்றாள் பெரியவள். “பெரிய இடமாத்தான் பாப்பேன்.”

பார்த்தாள். கண்காணிப்பு இயந்திரங்கள் செய்கிறதிலேயே பெரிய கம்பெனி. அவர்கள் தரப்பில் பேச வந்தவர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். பெரியவள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்தாள். தங்கமான பேச்சு. பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வந்துட்டா எங்க மெஷினை யாரு சார் வாங்குவாங்க?” என்று இயக்குநரிடம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பின்னால் எத்தனை நாள் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது அமர்வில் ஒரு சிக்கல் வந்தது. பெல்ட் எந்தப் பெயரில் விற்றாலும் சரி என்று விட்டிருக்கலாம். பெரியவள் விடவில்லை. பெட்டியின் மேல் ‘சிட்டு’ என்றுதான் அச்சிடவேண்டும் என்று பத்தொன்பதாவது ஷரத்தாகப் புதிதாகச் சேர்த்திருந்தாள். சின்னவள் கேட்கவில்லை. அக்காவுக்குத்தான் தோன்றியது. ஒன்பது நாள் இருந்துவிட்டுப்போன பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில்கூடப் பெயர் ஏறவில்லையே, பெட்டி மேலாவது ஏறட்டும், கடைக்குக் கடை இருக்கட்டும் என்று.

“பேர் வைக்கிறது எங்க விளம்பரப் பிரிவு வேலைங்க” என்றார் கோட்டுக்காரர். “சிட்டு, மைனான்னு பேர் வெச்சா எந்த டாக்டர் வாங்குவாரு?”

“வாங்குவாங்க. இந்தப் பேர் இல்லைன்னா காப்பியைக் குடிச்சுட்டு எல்லாரும் எழுந்திரிக்கலாம்.”

“இவ்வளவு பிடிவாதமா? சரிங்க, பேரை விட்டுத்தர்றேன். நீங்க எனக்கு என்ன விட்டுத்தர்றீங்க?”

பெரியவள் எப்போதும்போல் காகிதத்தைப் பார்த்தாள், எப்போதும்போல் பெருமூச்சு விட்டாள். “போங்க, பன்னெண்டை எடுத்துக்குங்க” என்றாள்.

கோட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தானே கோடு போட்டு அடித்தார். கொஞ்சம் வேகமாகவே அடித்தார். அது அன்றைக்கு அவள் கண்ணில் படத்தான் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

கையெழுத்துப் போடுகிற அன்று முப்பது பக்கத்தையும் விட்டுவிட்டுப் பத்தொன்பதாவது ஷரத்தை மட்டும் விரலால் காட்டினாள். “படிச்சுப் பாருடி. பாப்பா பேர் பெட்டி மேல வருது.” சின்னவள் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஏழு வருஷமாக வராத அழுகை வந்தது. இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். பெரியவள் தங்கையைக் கட்டிக்கொண்டு, தான் பிறந்ததே இந்தத் தொண்ணூற்றொன்பதாவது சம்பந்தத்தை முடித்துவைக்கத்தான் என்று நினைத்தாள்.

“மிச்சமெல்லாம் நீ படிச்சுட்டியாக்கா?”

“படிச்சுட்டேன்டி.”

“அப்ப சரி.”

ஆறு மாசம் போயிற்று. கம்பெனியிடமிருந்து தகவல் இல்லை. கேட்டால், “பரிசோதனையில இருக்குங்க.” வருஷம் ஒன்று போயிற்று. “விதிமுறைகள் மாறுதுங்க.” ஒன்றரை வருஷத்தில் கோட்டுக்காரர் போன் எடுப்பதே நின்றுவிட்டது. சின்னவள் தினமும் படி இறங்கும்போது அந்த அறைக்குள் தலையை நீட்டி, “ஏதாவது வந்துச்சாக்கா?” என்பாள். “வரும்டி” என்பாள் பெரியவள். பெரிய சிஸ்டர் தன்னிடமிருந்த ஆறு பெல்ட்டையும் பொத்திப் பொத்தி வைத்து ஒரு குழந்தை மாற்றி ஒரு குழந்தைக்குக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் மாசம் இரண்டு தடவை போய் உணரியைச் சரிபார்த்துவிட்டு வருவாள்.

இரண்டு வருஷம் முடிந்த மறுவாரம் கடிதம் வந்தது. பொருள் வரிசையை மறுஆய்வு செய்ததில் பெல்ட்டைத் தயாரிப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறதாம். உரிமை கம்பெனியிடமே இருக்கும். வரைபடங்கள், மென்பொருள், மாதிரிகள் ஆறு, எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்கவேண்டும். ஆய்வாளர் அதே நோக்கத்துக்கான எந்தக் கருவியிலும் இனி கைவைக்கக்கூடாது. நல்ல தாள், நல்ல அச்சு.

பெரியவள் அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினாள். அவர் இரண்டு தடவை படித்தார். “உரிமை நம்மகிட்ட திரும்புற மாதிரி ஒரு ஷரத்து வழக்கமா இருக்குமே?” என்றார்.

“விட்டுக்கொடுத்துட்டேன் சார்.”

அவர் நல்லவர்தான், திட்டவில்லை. மேசை மேல் கிடந்த ஆண்டு மலரின் மாதிரிப் பிரதியைப் புரட்டிக்கொண்டு, “அட்டைப் படமே அந்த பெல்ட்தான். ‘கூட்டு முயற்சியால் பிறந்த புதுமை’ன்னு போட்டிருக்கோம். அச்சுக்குப் போயாச்சே தரகரம்மா” என்றார். அவருடைய கவலை அவருக்கு.

வரைபடங்களும் மென்பொருளும் முன்பே கம்பெனிக்குப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மதியம் மாதிரிகளை வாங்கிவர அக்காவும் தங்கையும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மையத்து வண்டியில் பின்சீட்டில் இருவருக்கும் நடுவே ஒரு வெற்று அட்டைப்பெட்டி. சின்னவள் மடியில் ஒப்பந்த நகல் இருந்தது. கடிதம் வந்த பிறகு முப்பது பக்கத்தையும் வரிவரியாகப் படித்திருந்தாள், முதல் தடவையாக.

“அக்கா, பன்னெண்டாவது ஷரத்து ‘நீக்கப்பட்டது’ன்னு போட்டிருக்கே. அந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

பெரியவள் அட்டைப்பெட்டியின் மடிப்பை நீவினாள். “ஏதோ சில்லறை விஷயம்டி. எல்லா ஒப்பந்தத்துலயும் வரும், போகும்” என்றாள். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவு என்பது ஒரு நீள அறை, எட்டுத் தொட்டில். சுவரோரம் அந்தப் பெரிய கம்பெனியின் இயந்திரம் ஒன்று நின்றது. அதன் கம்பிகள் கோடியில் இருந்த ஒரு குழந்தைக்குப் போயின. இன்னொரு இயந்திரம் பழுதாகி, ‘தொடாதே’ என்று சீட்டு ஒட்டி மூலையில் கிடந்தது. பெரிய சிஸ்டர் ஐந்து பெல்ட்டைத் துவைத்து உலர்த்தி, மடித்து வைத்திருந்தார். நீட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஆறாவது?” என்றாள் பெரியவள்.

“ஆறாவது வேலையில இருக்கு” என்றார் சிஸ்டர். “போய்ப் பாருங்க.”

மூன்றாவது தொட்டிலில் ஒரு பையன். பிறந்து பன்னிரண்டு நாள். வயிற்றில் சிட்டு. தொட்டிலுக்குப் பக்கத்தில் அவன் அம்மா, சின்னப் பெண், தொட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையனுடைய வயிறு ஏறி இறங்குவது நின்றது. எட்டு வரைக்கும் எண்ணவேண்டும் என்றுகூடப் பெரியவளுக்குத் தோன்றவில்லை. துணிக்குள்ளிருந்து ‘கிர்’ரென்று ஒரு சன்னமான சத்தம். பையன் ஒரு காலை உதைத்தான். வயிறு மறுபடியும் ஏறி இறங்கியது.

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துவந்தாள். “இதை எடுக்க வேணாம்டி. ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடறேன். அஞ்சுதான் இருந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போடறேன். என்ன பண்ணிடுவாங்க?” இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்தில் ஒரு பொய்கூட எழுதாதவள் சொன்னாள்.

“பேட்டரி இன்னும் ஒன்பது நாள் வரும்” என்றாள் சின்னவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “உணரியைப் பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை சரி பண்ணணும். பண்ணலைன்னா, மூச்சு நின்னாலும் நிக்கலைன்னு நெனச்சுக்கும். நான் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. பெல்ட் இருக்குன்னு நம்பி எல்லாரும் அடுத்த வேலைக்குப் போவாங்கக்கா. அது அதிரலைன்னா குழந்தையை யாரு பாப்பாங்க?”

“வேற யாருக்காவது சொல்லிக்கொடுத்து…”

“மென்பொருளையும் சேர்த்துத்தானே கேட்டிருக்காங்க. நான் பாத்துக்க முடியாத பெல்ட்டை ஒரு குழந்தை மேல விட்டுட்டு வரமாட்டேன். நான் தூங்கினது ஒரு தடவை போதும்.”

போனாள். கையைக் கழுவினாள், துடைத்தாள், குழந்தையின் முதுகுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கி, ஒட்டுப்பட்டையைச் சத்தமே வராமல் பிரித்தாள். அந்தச் சின்னப் பெண் முகம் மலர்ந்து, “அவனுக்குச் சரியாயிருச்சா மேடம்? அதனாலதான் கழட்டறீங்களா?” என்று கேட்டாள்.

அடக் கடவுளே, அந்தப் பெண் அப்படிக் கேட்டிருக்கவேண்டாம்.

“இல்லம்மா” என்றாள் சின்னவள். “பெல்ட்டைத் திருப்பிக் கேக்கறாங்க. அதான்.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சிஸ்டர் அவள் தோளைப் பிடித்து, காலை எப்படிச் சுண்டவேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். ரொம்ப வேகமாக வேண்டாம், இப்படி, லேசாக, இப்படி. அந்தப் பெண் செய்து பார்த்தாள்.

நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சில் அட்டைப்பெட்டியை வைத்து, சின்னவள் ஆறாவது பெல்ட்டையும் உள்ளே போட்டாள். துணியில் இன்னும் சூடு இருந்தது. பெரியவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“சில்லறை விஷயம் இல்லடி” என்றாள். “பன்னெண்டாவது ஷரத்து… ரெண்டு வருஷத்துல அவங்க செய்யலைன்னா எல்லாம் நம்மகிட்டயே திரும்பி வந்துரும்னு இருந்துச்சு. நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். நான் எப்பவும் விட்டுக்கொடுக்கிறதுக்குன்னே வெச்சிருக்கிற ஷரத்து அது. ஒரு தடவைகூட அது தேவைப்பட்டதில்ல. எந்தப் பாவியாவது வாங்கிப் பூட்டிவைப்பான்னு எனக்குத் தோணவே இல்லடி.”

சின்னவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது, இன்னொன்று சேர்ந்துகொண்டது.

“எதுக்குப் பதிலா கொடுத்தே?”

“வேணாம்டி.”

“சொல்லுக்கா.”

“பேருக்கு.” பெரியவள் பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள். “பெட்டி மேல பாப்பா பேர் போடணும்னு கேட்டேன்ல. அதுக்கு.”

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள், கன்னத்தில் ரெண்டு வைப்பாள், எதையாவது தூக்கி அடிப்பாள் என்று பெரியவள் காத்துக்கொண்டு நின்றாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு காலில் விழுந்திருப்பாள்.

“அவ பேரை நான் தினமும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள் சின்னவள். “எனக்குப் பெட்டி மேல எழுதித்தான் ஞாபகம் வரணுமா? அந்தப் பையன் மாதிரி நாலு பேர் மூச்சு விட்டா எனக்குப் போதாதா?” கையால் முகத்தைத் துடைத்தாள், கண்ணில் தண்ணீரே இல்லை, இருந்தும் துடைத்தாள். “நீ எனக்காகத்தான் பண்ணேன்னு தெரியும். அதான்க்கா தாங்கல. வேற யாராவது பண்ணியிருந்தா வாய்க்கு வந்தபடி திட்டியாவது தீத்திருப்பேன். உன்னை என்னன்னு திட்டறது?”

“திட்டுடி. நல்லாத் திட்டு.”

சின்னவள் தலையை ஆட்டினாள். எழுந்தாள். “மணி நாலாகுது. நீ பெட்டியை அனுப்பு. அந்தப் பொண்ணு காலையிலேருந்து சாப்பிடலையாம், அவளைச் சாப்பிட அனுப்பிட்டு நான் கொஞ்ச நேரம் உக்காரப்போறேன்.”

“நான் உக்காரட்டுமா? நீ வீட்டுக்குப் போ.”

“வேணாம்” என்றாள் சின்னவள். கோபமில்லை, வெறுப்பில்லை, ஆனால் அக்காவிடம் இதுவரை அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பெரியவள் பார்த்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பையனுடைய காலில் விரலை வைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள், கண் அசந்துவிடாமல் இருக்க.

கம்பெனி அனுப்பிய கூரியர்காரர் நாலரை மணிக்கு வந்தார். அவசரக்காரர். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார், பெரியவள் “குலுக்காதீங்க!” என்று கத்திவிட்டாள். அவர் பயந்துபோனார்.

“சரிங்கம்மா, சரிங்க. உள்ள என்ன இருக்குன்னு பெட்டி மேல எழுதணும். எழுதலைன்னா வாங்கமாட்டாங்க.”

“கடிதம் உள்ளேயே இருக்கே.”

“உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்? மேல எழுதுங்க. பொருளோட பேரு, எத்தனைன்னு. கொட்டை எழுத்துல.”

அவர் கறுப்பு மைப்பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். பெரியவள் வாங்கிக்கொண்டாள். பெஞ்சுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, பெட்டி நகராமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கியபடியே பெட்டி மேல் எழுதினாள். சிட்டு. எண்ணிக்கை ஆறு.

“அவ்வளவுதாங்கம்மா” என்று சொல்லிக் கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.